கயிறு லேசாக வந்தால் இன்லெட் வால்வைப் பாருங்கள்

ஆறு மாதம் மூலையில் கிடந்த ஜெனரேட்டரை வெளியே எடுத்து, சோக்கை மூடிக் கயிற்றை இழுக்கும்போது பாதியில் கைக்கு ஓர் எதிர்ப்பு தட்டுப்பட வேண்டும். அது இல்லாமல், வாளி அறுந்துபோன கிணற்றுக் கயிறு மாதிரி லேசாக வந்துவிட்டால் உள்ளே கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அமுக்குவதால் வரும் அழுத்தம்) இல்லை என்று பொருள். இந்த இடத்தில் பலரும் பிளக்கை மாற்றுவார்கள், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவார்கள், அப்புறம் "ரிங் போயிடுச்சு, போர் வேலை இருக்கு" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். கிடப்பில் இருக்கிற எஞ்சினில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேயாது. நிறுத்தியபோது நன்றாக ஓடிய எஞ்சின், எடுக்கும்போது கம்ப்ரஷன் இல்லாமல் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இன்லெட் வால்வைத்தான், அதாவது காற்றும் பெட்ரோலும் உள்ளே நுழையும் வழியைத் திறந்து மூடும் வால்வை. கரியும் பிசினும் பிடித்து, திறந்தபடியே நின்றிருக்கும்.

இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் ஹோண்டா ஜிஎக்ஸ் 160 எஞ்சினுக்கு உரியவை. 163 சி.சி., 68 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 45 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின். ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப், களையெடுக்கும் பவர் வீடர், காங்கிரீட் வைப்ரேட்டர் என்று கயிறு இழுத்து ஓட்டும் பல இயந்திரங்களில் இதுவோ, இதைப் பார்த்துச் செய்த சீன எஞ்சினோதான் இருக்கும். வேறு எஞ்சின் என்றால் அளவுகளை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் முறை மாறாது.

இன்லெட் வால்வு மட்டும் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதை அளவைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்தான் கைடு, அதன் உள்விட்டம் 5.50 மி.மீ. இன்லெட் வால்வின் தண்டு 5.48 மி.மீ., புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு 5.44 மி.மீ. அதாவது இன்லெட் தண்டுக்கும் கைடுக்கும் நடுவே உள்ள இடைவெளி 0.02 முதல் 0.044 மி.மீ. வரைதான், தலைமுடியை விட மெல்லியது. எக்ஸாஸ்ட் அதிகமாகச் சூடாகி விரியும் என்பதால் அதற்கு 0.06க்கு மேல் விட்டிருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் பக்கம் உள்ள சூட்டில் பிசின் எரிந்தும் போய்விடும். இன்லெட் பக்கம் அப்படி எரிக்கும் சூடு கிடையாது. கீழிருந்து பெட்ரோல் ஈரம், மேலிருந்து சீலைத் தாண்டி இறங்கும் ஆயில், இரண்டும் அந்த மெல்லிய இடைவெளியில் சந்திக்கின்றன. எஞ்சினை நிறுத்தியதும் விசிறிக் காற்று நின்றுபோய், ஹெட்டில் (வால்வுகள் இருக்கும் சிலிண்டரின் மேல்மூடி) தேங்கிய சூடு அந்தக் கலவையை மெதுவாக வறுக்கிறது. முதலில் தேன் நிறத்தில் ஒரு படலம். நாளாக நாளாகப் பழுப்பு. கடைசியில், இறுகிப்போன கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு பூச்சு. நகத்தால் சுரண்டினால் வராது.

இதில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது கடைசிச் சுற்றில் கம்ப்ரஷனை ஏற முடியாமல் முட்டி, கொஞ்சம் பின்வாங்கி நிற்பது வழக்கம். பின்வாங்கினால் போய் நிற்கும் இடம் இன்டேக் ஸ்ட்ரோக்கின் வால் பகுதி. அங்கே இன்லெட் வால்வு கொஞ்சம் திறந்திருக்கும். தண்டில் கைடுக்குக் கீழே வெளியே தெரியும் பகுதியில் பெட்ரோல் பிசின் காய்ந்து ஒரு வளையமாகப் படிகிறது. அடுத்த முறை வால்வு மூட மேலே ஏற வேண்டும், அந்த வளையம் கைடின் வாயில் முட்டி நின்றுவிடுகிறது. இந்தச் சின்ன எஞ்சினின் வால்வு ஸ்பிரிங்கை இரண்டு கட்டைவிரலால் அமுக்கிவிடலாம். அவ்வளவு மெலிவான ஸ்பிரிங்குக்கு அந்தப் பிசினை உடைக்கும் பலம் கிடையாது.

எது எங்கே ஒட்டியிருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி. தண்டில் இருக்கும் பிசின் ஒரு வகை. வால்வின் கழுத்தில், தலைக்குப் பின்புறம், கட்டியாக வளரும் கரி இன்னொரு வகை. அது காற்றின் வழியை அடைக்கும், வால்வைப் பிடித்து வைக்காது. ஆனால் அதிலிருந்து உதிரும் ஒரு துணுக்கு சீட்டுக்கும் (வால்வின் தலை உட்கார்ந்து மூடும் வளையம்) வால்வுக்கும் நடுவே மாட்டினால் அதே அறிகுறி வந்துவிடும். (கார்களில் நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் ஜிடிஐ எஞ்சின்களில் இந்தக் கழுத்துக் கரி பெரிய தலைவலி. பெட்ரோல் வால்வின் முதுகைக் கழுவவே வாய்ப்பில்லை என்பதால் அங்கே வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் அடித்துச் சுத்தம் செய்கிறார்கள். அது வேறு கதை.) மூன்றாவது, ஈரமான இடத்தில் கிடந்து பிடிக்கும் துரு. துரு பிடித்த தண்டை நான் திரும்பப் போட மாட்டேன், புது வால்வு வாங்கிவிடுவதே நல்லது.

கழற்றும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்

ஏர் ஃபில்டரைக் கழற்றி கார்புரேட்டர் வாயில் உள்ளங்கையை ஒரு விரல் இடைவெளியில் வைத்துக்கொண்டு கயிற்றை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். நல்ல எஞ்சின் காற்றை உள்ளே மட்டும் உறிஞ்சும். இன்லெட் திறந்து நின்றால் ஒருமுறை உறிஞ்சி, அடுத்து பிஸ்டன் ஏறும்போது 'புஸ்' என்று கையில் திருப்பி ஊதும், உள்ளங்கை பெட்ரோலால் நனையும். ஏர் ஃபில்டர் பஞ்சு காரணமில்லாமல் பெட்ரோலில் ஊறியிருந்தாலும் இதே சந்தேகம்தான்.

கம்ப்ரஷன் கேஜ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்த எஞ்சினில் கயிறு இழுக்கும் வேகத்தில் எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும் ஏற்பாடு வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டிலேயே உண்டு. அதனால் நல்ல எஞ்சினே சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8.5 கிலோ வரைதான் காட்டும். 6.5 வந்தால் ரிங் போனதாக நினைத்துப் பிரிக்க வேண்டாம். வால்வு திறந்து நின்றால் முள் எழும்பவே எழும்பாது. ரிங்கா வால்வா என்ற குழப்பம் இருந்தால் பிளக் ஓட்டை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி மறுபடி பாருங்கள். முள் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

அடுத்து ராக்கர் கவர், ஹெட்டின் மேல் வால்வு ஸ்பிரிங்குகளை மூடியிருக்கும் மூடி. நான்கு போல்ட், 10 மி.மீ. ஸ்பேனர். கவரை எடுத்ததும் இரண்டு வால்வு ஸ்பிரிங்குகளையும் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் (இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடம்) இருக்கும்போது இரண்டின் உயரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று குனிந்து நின்றால் அதுதான் நோயாளி. எது இன்லெட் என்று தெரியாவிட்டால், தண்டின் நுனியில் தொப்பி மாதிரி ஒரு ரொட்டேட்டர் உட்கார்ந்திருப்பது எக்ஸாஸ்ட். அது இல்லாமல் மொட்டையாக இருப்பது இன்லெட். வால்வு திறந்து மாட்டியிருந்தால் வால்வை அமுக்கும் கை போன்ற ராக்கர் தொளதொளவென்று ஆடும், ராக்கரைக் கீழிருந்து தள்ளும் கம்பியான புஷ் ராடு இடத்தை விட்டு நழுவியிருக்கலாம். மூடிய நிலையில் இறுகியிருந்தால் கேம் தள்ளத் தள்ள வழியில்லாமல் புஷ் ராடு வளைந்திருக்கும். ராடை எடுத்து ஒரு கண்ணாடிப் பலகை மேல் உருட்டிப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்து மறைந்தால் வளைந்திருக்கிறது. நிமிர்த்திப் போடாதீர்கள், புதிதாக மாற்றுங்கள்.

ஹெட்டைக் கழற்றாமல் எவ்வளவு முடியும்

கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்டேக் போர்ட் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வின் முதுகில் பழுப்புப் படலம் மட்டும் இருந்தால் ஹெட்டைக் கழற்றாமலே முடித்துவிடலாம். கருப்பாகக் கட்டி கட்டியாக இருந்தால் நேரத்தை வீணாக்காமல் ஹெட்டைக் கழற்றுவதுதான் சரி.

பிளக் கேப்பைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள், பெட்ரோல் காக்கை மூடுங்கள், வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். கார்ப் கிளீனர், அசிட்டோன், என்சி தின்னர் எல்லாமே பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். இன்லெட் ராக்கரையும் புஷ் ராடையும் எடுத்துவிட்டு, ஸ்பிரிங் சுருள்களின் இடுக்கு வழியாகத் தண்டு கைடுக்குள் நுழையும் இடத்தில் கார்ப் கிளீனரைத் தெளியுங்கள். போர்ட் வழியாகக் கைடின் கீழ் வாயிலும் தெளியுங்கள். அந்தக் கீழ்ப்பக்கம்தான் முக்கியம், பிசின் வளையம் இருப்பது அங்கே. 15 நிமிடம் விட்டு மறுபடி தெளியுங்கள். மண்ணெண்ணெயும் டீசலும் இதற்கு உதவாது, காய்ந்த வார்னிஷை அவை கரைக்காது. இன்னும் இறுக்கமாக இருந்தால் கொதிக்கும் தண்ணீரை ஹெட்டின் மேல் ஊற்றுங்கள். அந்தச் சூட்டுக்குப் பிசின் இளகும். தின்னர் தெளித்த இடத்தில் நெருப்பையோ ஹாட் கன்னையோ கொண்டு போகாதீர்கள்.

இப்போது பிஸ்டனைக் கீழே இறக்க வேண்டும். பிளக் ஓட்டையில் ஒரு ஸ்ட்ராவை விட்டு, கயிற்றை மெல்ல இழுத்து, ஸ்ட்ரா எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். வால்வு கீழே இறங்க இடம் கிடைத்ததும், தண்டின் நுனியில் ஒரு மரக்கட்டை அல்லது பித்தளைத் துண்டை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். நேரடியாக இரும்புச் சுத்தியல் வேண்டாம். ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் வட்டத் தகடான ஸ்பிரிங் தட்டின் மேல் மட்டும் அடி விழக் கூடாது: இந்த எஞ்சினில் தட்டு அமுங்கிப் பக்கவாட்டில் நகர்ந்தாலே தண்டு கழன்றுவிடும், வால்வு சிலிண்டருக்குள் விழும்.

ஏற்கெனவே திறந்திருக்கிற வால்வை இன்னும் திறக்கச் சொல்கிறேனே என்று தோன்றலாம். பிசின் வளையம் கைடுக்குக் கீழே இருக்கிறது. வால்வை மேலே இழுத்தால் அந்தப் பிசினையே கைடுக்குள் ஆப்பு மாதிரி அடிக்கிறோம். ஒரு மில்லிமீட்டர் கீழே தள்ளினால் வளையம் வாயை விட்டு விலகும், கிளீனர் அங்கே நுழையும். தட்டு, தெளி, ஸ்பிரிங் தானாக மேலே கொண்டுவரும் அளவுக்கு வர விடு, மறுபடி தட்டு. முப்பது நாற்பது தடவை இப்படிச் செய்ய வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே ஏறும். வால்வு விடுபட்டதைக் காது முதலில் சொல்லும்: மொத்தென்று கேட்டது, 'டக்' என்று சீட்டில் உட்காரும் சத்தமாக மாறும்.

கடைசி அரை மில்லிமீட்டர் மட்டும் ஏற மறுத்தால் ஒரு வழி உண்டு. பழைய ஸ்டார்ட்டர் கயிறு மாதிரி ஒரு மெத்தென்ற நைலான் கயிற்றைப் பிளக் ஓட்டை வழியாகச் சிலிண்டருக்குள் சுருட்டித் தள்ளி, நுனியை வெளியே விட்டுவிட்டு, ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் கயிற்றை அமுக்கும், கயிறு வால்வை மேலே தள்ளும். பிசின் நன்றாகக் கரைந்த பிறகு மட்டும் இதைச் செய்யுங்கள்.

வால்வு விடுபட்டதோடு எழுந்துவிடாதீர்கள். தெளித்த கிளீனர் எல்லாம் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு எஞ்சின் ஆயிலில் இறங்கியிருக்கும். பிளக் ஓட்டையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, பிளக் இல்லாமல் ஐந்தாறு முறை கயிறு இழுத்து, பழைய ஆயிலை முழுக்க வடித்துப் புது ஆயில் ஊற்றுங்கள். 0.58 லிட்டர், 10டபிள்யூ-30. இதைச் செய்யாமல் ஓட்டி பேரிங்கைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு, பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

ஹெட்டைக் கழற்றி முழுசாகச் செய்வது

கார்புரேட்டரைத் தொடும் முன், எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் ஸ்பிரிங்குகளை இரண்டு மூன்று கோணத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது என்பது கழற்றிய பத்தாவது நிமிடம் மறந்துவிடும். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே கேஸ்கட், கருப்பு இன்சுலேட்டர், மறுபடி கேஸ்கட் என்று வரிசை இருக்கும். இரண்டு கேஸ்கட்டும் ஒன்று போலத் தெரியும், ஓட்டைகள் வேறு. மாற்றிப் போட்டால் எஞ்சின் ஓடும், ஆனால் ஐடிலில் நிற்காது. எந்தப் பக்கம் எது என்று பேனாவால் குறித்து வையுங்கள்.

சைலன்சர், ஷ்ரவுடு, ராக்கர் கவர் எடுத்ததும் நான்கு ஹெட் போல்ட், 12 மி.மீ. பாக்ஸ். எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். ஹெட் விடாமல் பிடித்தால் ஸ்குரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். அலுமினியத்தில் விழும் ஒரு கீறல் போதும், புது கேஸ்கட்டும் ஊதிக்கொண்டே இருக்கும். கனமான பகுதியில் ரப்பர் சுத்தியலால் தட்டினால் வந்துவிடும். புஷ் ராடுகள், ராக்கர்களை இன்லெட் தனி, எக்ஸாஸ்ட் தனி என்று வையுங்கள். ஒன்றுக்கொன்று தேய்ந்து பழகியவை, மாறக் கூடாது.

வால்வுக்கு அடியில் துணிச் சுருளைத் திணித்து, ஸ்பிரிங் தட்டை இரண்டு கட்டைவிரலால் அமுக்கிப் பக்கவாட்டில் தள்ளினால் பெரிய ஓட்டை வழியாகத் தண்டு விடுபடும். வால்வைக் கைடு வழியாக இழுக்கும் முன் தண்டின் நுனியை விரலால் தடவுங்கள். ராக்கர் அடித்து அடித்து ஓரம் பிதுங்கியிருந்தால் நைஸ் அரத்தால் அந்த ஓரத்தை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வரும் வழியில் கைடைக் கீறிக்கொண்டே வரும்.

வால்வைச் சுத்தம் செய்வது எளிது. தண்டை ஒரு இரவு கார்ப் கிளீனரில் ஊறவைத்து, பச்சைத் தேய்ப்பு நாரால் தேய்த்தால் பிசின் போய்விடும். எமரி வேண்டாம், அது அளவையே மாற்றிவிடும். கழுத்துக் கரி எந்தத் திரவத்திலும் முழுசாகக் கரையாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கூராகச் சீவிய மூங்கில் பட்டை நன்றாக வேலை செய்யும். ஹெட்டைக் காஸ்டிக் சோடா கரைசலில் முக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். இரும்பு ஹெட்டுக்குச் சரி, அலுமினியத்தைச் சோடா தின்றுவிடும், எரியக்கூடிய ஹைட்ரஜனும் கிளம்பும்.

வால்வைப் பளபளவென்று ஆக்கிவிட்டு அப்படியே மாட்டுவதுதான் இந்த ரிப்பேரில் அடிக்கடி நடக்கும் தவறு. பிசினில் பாதி வால்வோடு வெளியே வரும், மீதிப் பாதி கைடின் சுவரிலேயே இருக்கும். அந்த மீதி, புதுசாகத் துடைத்த தண்டைச் சில வாரத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். "போன மாசம்தான் பார்த்தோம், திரும்பவும் ஒட்டிக்கிச்சு" என்று வரும் எஞ்சின்களில் கைடை உள்ளே பார்த்தால் பழுப்புக் கோடுகள் அப்படியே இருக்கும்.

கைடை ஒரு பக்கம் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மறுபக்கம் கண்ணை வைத்துப் பாருங்கள். சுத்தமான கைடு சாம்பல் நிறத்தில் ஒரே சீராக மின்னும். தேன் நிறமோ கருப்புத் திட்டோ தெரிந்தால் வேலை முடியவில்லை. 5.5 மி.மீ. ஓட்டைக்கு இறுக்கமாக நுழையும் பித்தளை அல்லது நைலான் பிரஷ் இருந்தால் கிளீனர் தெளித்து முன்னும் பின்னும் இழுங்கள். பிரஷ் கிடைக்காவிட்டால் ஒரு கம்பியின் நுனியைப் பிளந்து, பருத்தித் துணிப் பட்டையைச் செருகி, கிளீனரில் நனைத்துச் சுற்றியபடி இழுங்கள். துணி வெள்ளையாக வெளியே வரும்வரை பட்டையை மாற்றிக்கொண்டே இருங்கள். பத்துப் பட்டை ஆனாலும் சலிக்கக் கூடாது. கைடின் கீழ் வாய், போர்ட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த விளிம்பு, அங்கே கல் மாதிரிக் கரி இருக்கும். அதை மூங்கிலால் சுற்றிச் சுற்றிச் சுரண்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கை ரீமர், ஓட்டையை உள்ளே சீராகச் சுரண்டும் கருவி. ஆயில் போட்டு, வலப்பக்கமாக மட்டும் சுற்றி உள்ளே விட்டு, வெளியே எடுக்கும்போதும் வலப்பக்கமாகவே சுற்றுங்கள். திருப்பிச் சுற்றினால் ரீமரின் விளிம்பும் போகும், கைடிலும் கோடு விழும்.

லைகாமிங் விமான எஞ்சின்களிலும் வால்வு ஒட்டிக்கொள்ளும் பிரச்சினை உண்டு, அங்கே பெரும்பாலும் எக்ஸாஸ்ட். சிலிண்டரைக் கழற்றாமலே வால்வைச் சிலிண்டருக்குள் இறக்கிவிட்டு, கைடை மேலிருந்து ரீமர் போட்டுச் சுத்தம் செய்யும் முறையை அந்த நிறுவனமே எழுதிக் கொடுத்திருக்கிறது. அங்கும் குறி வைப்பது கைடைத்தான்.

சோதனை இது: ஆயில் தடவாத உலர்ந்த தண்டை உலர்ந்த கைடில் விட்டால், ஹெட்டைச் சாய்த்ததும் வால்வு தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். விரலால் சுற்றினால் எங்கேயும் பிடிக்காமல் சுற்ற வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் பிடித்தால் தண்டு வளைந்திருக்கிறது. பிறகு வால்வை 10 மி.மீ. தூக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். இன்லெட் பக்கம் இடைவெளி 0.10 மி.மீ.யைத் தாண்டினால் கைடு தேய்ந்துவிட்டது. அப்போது ஆயில் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், எவ்வளவு துடைத்தாலும் கரி திரும்ப வரும்.

சீட்டுக்கு நைஸ் வால்வு பேஸ்ட் ஒரு மொச்சைக்கொட்டை அளவு போதும். ரப்பர் கப் குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே மோர் கடைவது போல முன்னும் பின்னும் உருட்டி, அடிக்கடி தூக்கி இடம் மாற்றி வைத்து அரையுங்கள். சுற்றிலும் அறுபடாத ஒரு சாம்பல் வளையம் வந்ததும் நிறுத்துங்கள். அதன் அகலம் 0.8 மி.மீ. இருக்க வேண்டும், 2 மி.மீ.க்கு மேல் போனால் சீட் கட்டர் வேலை. பேஸ்ட் ஒரு பொட்டுக்கூடக் கைடில் தங்கக் கூடாது. சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, உலர்த்தி, உடனே ஆயில் தடவுங்கள். வால்வை ஸ்பிரிங்கோடு மாட்டி, பிளக்கையும் போட்டு, ஹெட்டைக் கவிழ்த்து எரியறைக் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நிமிடம் பாருங்கள். போர்ட் பக்கம் நனையாவிட்டால் சீட் பிடித்திருக்கிறது.

இன்லெட் தண்டின் ஆயில் சீல் புதிதாக இருக்கட்டும். பழையதை மறுபடி போடுவது நான் ஒத்துக்கொள்ளாத சிக்கனம். ஹெட் கேஸ்கட்டும் அப்படித்தான். ஹெட்டின் முகத்தில் நேர்கோல் வைத்து ஃபில்லர் கேஜ் விட்டுப் பாருங்கள், 0.10 மி.மீ. நுழைந்தால் முகத்தைச் சமமாகத் தேய்த்து எடுக்க வேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள கரியை எடுக்கும்போது பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, ஓரத்து இடுக்கில் சுற்றிலும் கிரீஸ் தடவிவிட்டால் தூள் எல்லாம் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும், துடைத்து எடுத்துவிடலாம்.

இரண்டு டவல் பின்னும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, ஹெட்டை வைத்து, எதிரெதிர் மூலையாக மூன்று தவணையில் 24 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். புஷ் ராடின் அடி நுனி, கேம் தள்ளும் லிஃப்டரின் குழியில் உட்கார்ந்ததா என்று ராடை லேசாகச் சுழற்றி, அசைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஓரத்தில் உட்கார்ந்த ராடு முதல் இழுப்பிலேயே வளைந்துவிடும். ஸ்டார்ட்டர் புல்லியில் உள்ள முக்கோணக் குறி ஃபேன் கவரின் மேல் ஓட்டைக்கு நேராக வந்து, இரண்டு ராக்கரும் தளர்வாக ஆடினால் அது கம்ப்ரஷன் உச்சி. அங்கே டேப்பெட் கேப் (ராக்கருக்கும் வால்வின் நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளி) இன்லெட் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ., எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. லாக் நட் 10 நியூட்டன் மீட்டர். நட்டை முறுக்கியதும் கேப் மாறும், மறுபடி அளந்து பாருங்கள். பிளக் பிபிஆர்6இஎஸ், கேப் 0.7 முதல் 0.8 மி.மீ.

காரணத்தைத் தேடாமல் விட்டால்

கரி எங்கிருந்து வந்தது என்பதைக் கழற்றிய பாகங்களே சொல்லும். கழுத்தில் கரி ஈரமாக, ஆயில் பிசுக்கோடு இருந்தால் ஆயில் வருகிறது: சீல் காய்ந்திருக்கலாம், ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம், இயந்திரத்தைச் சாய்த்து வைத்திருக்கலாம். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாய் ஏர் ஃபில்டர் பக்கம்தான் போகிறது, கூடுதலாக ஊற்றிய ஆயில் அதன் வழியே கார்புரேட்டருக்கே வந்து சேரும். உலர்ந்த, மெத்தென்ற கருப்புப் பொடி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது: அடைத்த ஏர் ஃபில்டர், பாதி மூடியே கிடக்கும் சோக். பளபளக்கும் பழுப்பு வார்னிஷ் என்றால் பழைய பெட்ரோல். இரண்டு லைட்டுக்கும் ஒரு ஃபேனுக்கும் மட்டும் மணிக்கணக்கில் ஜெனரேட்டரை ஓட்டுவதும் ஒரு காரணம். எஞ்சின் போதிய சூட்டுக்கே வராமல் கரி சேர்த்துக்கொண்டிருக்கும். ஃபின்களில் வைக்கோல் தூசி அடைத்து அளவுக்கு மேல் சூடானால் கைடில் ஆயில் தீயும். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் எரியாமல் ஆயிலில் இறங்கும், டிப் ஸ்டிக்கை முகர்ந்தாலே வாடை காட்டிக்கொடுக்கும். மண்ணெண்ணெயிலேயே ஓடும்படி செய்த எஞ்சினாக இருந்தால், நிறுத்தும் முன் சில நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி நிறுத்துங்கள்.

ஏர் ஃபில்டர் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஆயில் 100 மணிக்கு ஒருமுறை, டேப்பெட் 300 மணிக்கு ஒருமுறை. தூசியில் ஓடும் வீடருக்கு ஏர் ஃபில்டரை இன்னும் சீக்கிரம் பாருங்கள். பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் மருந்துகள், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் புதுப் படலம் சேராமல் ஓரளவு தடுக்கும். ஒட்டிப்போன வால்வை அவை விடுவிக்காது, மருந்து அங்கே போய்ச் சேரவே எஞ்சின் ஓடியாக வேண்டுமே.

ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தி வைப்பதாக இருந்தால் பெட்ரோல் காக்கை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக அணையும்வரை ஓட விடுங்கள். பிறகு கார்புரேட்டர் அடியில் உள்ள போல்ட்டைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், டேங்கில் பல மாதம் விட்டு வைக்கக் கூடாது. எஞ்சின் ஆறிய பிறகு கயிற்றை மெதுவாக இழுங்கள். கைக்கு எதிர்ப்பு தட்டியதும் அந்த இடத்திலேயே நிறுத்தி, கயிற்றை மெல்ல உள்ளே போக விடுங்கள். அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். இரண்டு வால்வும் சீட்டில் உட்கார்ந்திருக்கும், இன்லெட் தண்டின் அந்தப் பகுதி கைடுக்குள் பத்திரமாக இருக்கும்.